பந்து தட்டாத ஆட்டம்

அக்காவின் ஏஜென்ற் வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டாள். அப்போது நாங்கள் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் நின்றோம். அக்கா வளையத்தை நோக்கி எறிய, நான் கீழே நின்று விழும் பந்தை எடுத்துத் திரும்ப அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோடைகாலத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டால் எனக்கு இதுதான் வேலை. பள்ளிக்கூடத்தை நான் இடையில் விட்டுவிட்டதால் காலையில் என்னை வேறு யாரும் தேடுவதில்லை. ஏன் விட்டாய் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. "இன்னும் கொஞ்சம் உயரத்துக்கு எறி" என்பாள். அவ்வளவுதான்.

அவள் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் உட்காருவதற்கு இருந்த வாங்கில் வைத்துவிட்டு, ஒரு கையால் பந்தைத் தட்டிக்கொண்டே கதைத்தாள். ஏஜென்ற் மாட்ரிட்டில் இருப்பவள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவாள்.

போலந்தில் ஒரு கூடைப்பந்துக் கழகம் அக்காவைக் கேட்கிறதாம். ஒரு வருட ஒப்பந்தம். இருக்க இடமும் தருவார்களாம். ஆனால் பந்தைக் கொண்டுபோக அவர்களிடம் இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அக்கா அவளுக்குப் பக்கத்தில் விளையாட வேண்டும்.

"பந்து உன் கையில் இருக்காது, றொசானா. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை அவர்களுக்குப் பதில் வேண்டும்."

பந்தின் சத்தம் நின்றது. அக்கா அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் மாட்டேன் என்றால்?"

"இந்த வருடம் வேறு யாரும் கேட்கவில்லை."

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல, அக்காவின் வேலை என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். கூடைப்பந்து அணியில் கார்ட் என்று ஒருத்தி இருப்பாள். தன் பக்கத்திலிருந்து பந்தைத் தட்டித் தட்டி எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோவது அவள்தான். யார் எங்கே ஓட வேண்டும், யாருக்குப் பந்து போக வேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்வாள். அக்கா அந்த வேலையை ஜேர்மனியில் செய்தாள், போர்த்துக்கலில் செய்தாள், கடைசியாக ருமேனியாவில் செய்தாள். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. அங்கே விளையாடும் பெண்களுக்கு நடுவில் அவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அவ்வளவு குள்ளம். இருந்தும் அவளை வைத்திருந்தார்கள் என்றால், பந்து அவள் கையை விட்டுப் போகாது என்பதால்தான்.

நான் பிறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு நிலவறையில் அவள் பந்து தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அம்மா மேலே குசினியில் சமைத்தபடியே, "இவளுக்குப் பசிக்குது" என்பார், "இவள் ஆரோடயோ கோவம்" என்பார். சத்தத்தை வைத்தே சொல்வார், அது சரியாகவும் இருக்கும்.

அக்கா வாங்கில் உட்கார்ந்தாள்.

"பந்தில்லாமல் நான் அங்க நிண்டு என்ன செய்யிறது, கிறேஸ்? கை தட்டுறதோ?"

வீடு போகும்வரை அவள் பந்தை ஒரு தடவையும் நிலத்தில் போடவில்லை.

வீட்டில் இமெல்டா அன்ரி வந்திருந்தார். அம்மாவும் அவரும் ஒரே கொன்வென்றில் படித்தவர்கள். அந்த நாளில் அம்மா வலைப்பந்து அணியில் நடுவில் நின்று விளையாடியவர். இமெல்டா அன்ரி வளையத்துக்கு எறிந்தவர், இன்றைக்கும் எறிகிறவர். ஒவ்வொரு கோடையிலும் லவாலில் பழைய மாணவிகள் சங்கங்களின் விளையாட்டு விழா நடக்கும். முழங்கால் வருத்தம் வந்த பிறகு அம்மா அங்கே பொரித்த றோல்ஸுக்கும் தோடம்பழத்துக்கும் பொறுப்பு. இமெல்டா அன்ரிதான் அணித் தலைவி.

"றொசானா, வா பிள்ளை, உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார் அன்ரி. "சனிக்கிழமை எங்களுக்கு ரெண்டு பேர் இல்லை. ஒராளுக்குக் கால் சுளுக்கு. மற்றவவின்ர மகளுக்கு ரொறொன்ரோவில பிள்ளை பிறந்திருக்கு. பழைய மாணவியின்ர மகளும் விளையாடலாம் எண்டு சட்டம் இருக்கு."

"அன்ரி, நான் விளையாடுறது பாஸ்கற்போல். நெற்போல் இல்லை."

"ஏன், ரெண்டிலயும் பந்துதானே, ரெண்டிலயும் வளையம்தானே? உங்களுக்கெண்டால் பின்னால ஒரு பலகையும் வைச்சுத் தாறாங்கள். எங்களுக்கு அதுவும் இல்லை."

"அதில பந்தைத் தட்டக்கூடாதெல்லோ?"

"தட்டாட்டி என்ன? குடுத்திட்டு ஓடு!"

அம்மா மாவைப் பிசைந்தபடியே சொன்னார்: "இவளுக்குக் குடுக்க மனம் வராது, இமெல்டா. நான் கொம்பியூட்டரில பாக்கிறனான். நிலத்தில போட்டுக் குத்திக்கொண்டே நிப்பாள். மற்றப் பிள்ளையள் பாவம், கையை நீட்டிக்கொண்டு நிக்குதுகள்."

"அம்மா, அதுதான் என்ர வேலை."

"உதுவும் ஒரு வேலையோ!"

வேறு நாளாக இருந்தால் அக்கா சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து உள்ளே எதையோ தேடுவதுபோல் நின்றாள். "ஒப்பந்தம் இருந்தால் வேற விளையாட்டு விளையாட விடமாட்டினம்" என்றாள். "இப்ப என்னட்ட ஒப்பந்தம் இல்லை. எதையும் விளையாடலாம்."

"அப்ப சரி" என்றார் அன்ரி. பிறகு அவருடைய கண் என் பக்கம் திரும்பியது. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனேன்.

"அவள் வரமாட்டாள்" என்றார் அம்மா. "அவளுக்குச் சனத்தைக் கண்டால் பயம்."

பெட்டிக்குள் தலையை வைத்தபடியே அக்கா சொன்னாள்: "அவள் வந்தால் நான் வாறன்."

இப்படித்தான் எனக்கும் ஒரு இடம் வந்தது.

சனிக்கிழமை நல்ல வெயில். மைதானத்தின் ஒரு பக்கத்தில் கொத்துரொட்டியின் சத்தம், மறுபக்கத்தில் மைக். இரண்டும் ஒன்றையொன்று விடுவதாக இல்லை. ஞானேந்திரன் அங்கிள்தான் நடுவர். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறவர். ஒரு நிமிடம் பிந்தி ஓடி வருகிறவருக்குக் கதவு திறக்காத மனிதர் என்று பெயர் எடுத்தவர். விசிலிலும் அவர் அப்படித்தான்.

வலைப்பந்தில் ஏழு பேர். ஒவ்வொருவரும் எழுத்துப் போட்ட சின்ன மேற்சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த எழுத்துத்தான் யார் எந்தப் பகுதிக்குள் போகலாம் என்று சொல்லும். வளையத்துக்கு எறிய இரண்டு பேருக்கு மட்டும்தான் உரிமை. பந்தோடு ஓட முடியாது, தட்ட முடியாது. பிடித்தால் மூன்று எண்ணுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். அக்காவுக்கு நடுவில் நிற்கும் சட்டையைக் கொடுத்தார்கள், அம்மாவின் பழைய இடம். எனக்குப் பின்பக்கம் காக்கும் சட்டை.

எதிரணியில் சிவநேசம் அன்ரி நின்றார். வெள்ளை நிறத் தொப்பி, முழங்காலுக்கு உறை, வயது ஐம்பத்தைந்துக்குக் குறையாது. சில வருடங்களாகக் கிண்ணம் அவருடைய பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது.

முதல் பந்து அக்காவின் கைக்கு வந்தது. அவள் கை தன்பாட்டில் கீழே போனது. டொக், டொக்.

விசில்.

"தட்டினது!" என்றார் ஞானேந்திரன் அங்கிள்.

அடுத்த பந்தைப் பிடித்து இரண்டு அடி வைத்தாள். விசில். "நடந்தது!" அடுத்ததாக, பந்து வைத்திருந்த சிவநேசம் அன்ரிக்கு முன்னால் போய், ருமேனியாவில் செய்வதுபோல மூக்கு முட்டும் தூரத்தில் கைகளை விரித்து நின்றாள். விசில். "கிட்ட நிக்கிறீர், தங்கச்சி. தள்ளி நில்லும்."

மைக்கில் ஒருவர் சொன்னார்: "ஐரோப்பாவில் விளையாடும் எங்கள் வீராங்கனை றொசானா... மீண்டும் ஒரு தவறு."

சனம் சிரித்தது. சிவநேசம் அன்ரி தொப்பியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: "பிள்ளை, அங்க அவங்கள் உமக்குக் காசு தாறவங்களோ, இல்லாட்டி நீர் குடுக்கிறனீரோ?"

அக்காவும் சிரித்தாள். ஆனால் காதுகள் சிவந்து போயின. எனக்கு அந்தச் சிவப்பு தெரியும். தோல்விக்குச் சிவப்பதில்லை அவள். தன் கை தன் சொல் கேட்காததற்குச் சிவந்தாள்.

பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் ஐந்து கோல் பின்னால். அம்மா தோடம்பழத் துண்டுகளை நீட்டினார். இமெல்டா அன்ரி புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"யோசெப்பின், நீ சொன்னது சரிதான்" என்றார் அம்மாவிடம். "உன்ர மகளுக்குக் குடுக்கத் தெரியாது."

"நான் சொன்னன்தானே" என்றார் அம்மா, ஏதோ பரிசு கிடைத்ததுபோல.

அக்கா பழத்தைத் தின்னாமல் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாத்தியோ" என்றாள் மெல்ல. "போலந்திலயும் இப்பிடித்தான் நிப்பன். பந்து இல்லாட்டி எனக்கு நிக்கவே தெரியேல்லை. திங்கட்கிழமை வேண்டாம் எண்டு சொல்லிவிடப் போறன்."

அவள் அதைச் சொன்னபோது கோபமாகக்கூட இல்லை. கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். கோடை முடிந்தும் அவள் வீட்டில் இருப்பாள் என்பது எனக்குப் பிடித்த விஷயமாக அல்லவா இருக்க வேண்டும்? பிடிக்கவில்லை.

விசில் ஊதியது. அக்கா எழுந்து இமெல்டா அன்ரியிடம் போனாள்.

"அன்ரி, எறியிற சட்டை ஒண்டு தாங்கோ. எறியவாவது எனக்குத் தெரியும்."

அன்ரி வளையத்துக்குக் கீழே நிற்கும் சட்டையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, எறியக்கூடிய மற்றச் சட்டையை அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டிருந்தவர் நடுவுக்குப் போனார். எதிரணியில் சிவநேசம் அன்ரியும் சட்டை மாற்றிக்கொண்டு அக்காவின் பின்னாலேயே வந்தார்.

"விடமாட்டன், பிள்ளை" என்றார்.

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அக்கா எதையுமே செய்யவில்லை. பந்து கேட்கவில்லை, ஓடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடற்கரையில் நடப்பவள்போல இங்கும் அங்கும் நடந்தாள். பந்து எங்கள் அன்ரிமாரிடையே மாறி மாறிப் போனது. அக்காவின் கண் மட்டும் அதோடு போகவில்லை. அது மைதானம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது. யார் மூச்சு வாங்குகிறார், யார் யாரைப் பார்க்கிறார், எங்கே இடம் காலியாகிறது. பந்தைத் தட்டும்போது அவள் பார்ப்பதும் இதையேதான். ஆனால் அப்போதெல்லாம் ஐந்து பேருடைய கைகள் அவள் பந்தைப் பறிக்க வரும். இப்போது யாரும் வரவில்லை. சிவநேசம் அன்ரிகூட ஒரு தடவை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

பிறகு அக்கா கதைக்கத் தொடங்கினாள். "அன்ரி, இடப்பக்கம்." "அன்ரி, பின்னுக்கு ஆள் இல்லை, திரும்புங்கோ." தாடையால் காட்டினாள், புருவத்தால் காட்டினாள். அன்ரிமார் அவள் சொன்ன இடத்துக்குப் போனார்கள், போன இடத்துக்குப் பந்து வந்தது. இமெல்டா அன்ரி வளையத்துக்குக் கீழே சும்மா நின்று பிடித்து இரண்டு கோல் போட்டார்.

மூன்றாவது கோலுக்குப் போகும்போது பந்து என் கைக்கு வந்தது.

அதுவரை நான் அதைப் பிடிக்காமல் இருப்பதற்காகவே ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது அது என் நெஞ்சோடு இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைக்கில் என் பெயரைக் கேட்டு யாரோ யாரிடமோ விசாரித்தது கேட்டது. மூன்று எண்ணுவதற்குள் கொடுக்க வேண்டும். அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் சிவநேசம் அன்ரி சுவர்போல நின்றார்.

அக்காவின் இடது தோள் கொஞ்சம் இறங்கியது.

பூங்காவில் அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வலப்பக்கம் ஓடப்போகிறாள் என்றால் முதலில் இடது தோள் இறங்கும். நான் வளையத்துக்கு வலப்பக்கம், ஒருவரும் இல்லாத புல்லை நோக்கி எறிந்தேன்.

"ஐயோ!" என்று சனம் கத்தியது. நான் பயத்தில் பந்தை வெளியே வீசிவிட்டேன் என்று நினைத்தார்கள்.

பந்து போய்ச் சேர்ந்தபோது அக்கா அங்கே நின்றாள். பிடித்த இடத்திலேயே திரும்பி எறிந்தாள். பின்னால் பலகை இல்லாததால் பந்து எதிலும் படாமல் வலைக்குள்ளால் இறங்கியது. சத்தம்கூடக் கேட்கவில்லை.

அவள் ஓடிவந்து என்னைக் கேட்டாள்: "எப்பிடித் தெரியும் உனக்கு?"

"தோள்."

"என்ன தோள்?"

"இடது தோள் இறங்கும்."

அவள் தன் தோளையே திரும்பிப் பார்த்தாள், முதன்முறையாகக் காண்பவள்போல. பிறகு என் காதில் சொன்னாள்: "சிவநேசம் அன்ரிக்குச் சொல்லிப்போடாதை."

அதன் பிறகு ஆட்டம் வேறு மாதிரிப் போனது. அக்காவின் கையில் பந்து தங்கிய நேரம் மிகக் கொஞ்சம். வந்தால் எறிவாள், இல்லாவிட்டால் உடனே கொடுத்துவிட்டு ஓடுவாள். சிவநேசம் அன்ரியின் கழுத்து அவளைத் தேடித் தேடித் திரும்பியது.

"எடி, இவள் எங்கயடி போனாள்?" என்று தன் ஆட்களிடமே கேட்டார்.

"உங்களுக்குப் பின்னால, அன்ரி" என்று அக்காவே பதில் சொன்னாள்.

கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு கோல் வித்தியாசம். நாங்கள்தான் பின்னால். பந்து அக்காவிடம் வந்தது, வளையத்துக்குப் பக்கத்தில், எறியக்கூடிய தூரத்தில். சிவநேசம் அன்ரி கையைத் தூக்கினார், அவருக்குத் துணையாக இன்னொருவரும் ஓடிவந்தார். அப்போது வளையத்துக்கு நேர் கீழே இமெல்டா அன்ரி தனியாக நின்றார், கையை நீட்டிக்கொண்டு.

அக்கா எறியவில்லை. கொடுத்தாள்.

இமெல்டா அன்ரி பந்தைத் தலைக்கு மேல் தூக்கினார். கால்களைச் சரிசெய்தார். மூச்சை இழுத்தார். எறிந்தார். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே போகலாமா என்று யோசித்து, வெளியே விழுந்தது. விசில் ஊதியது.

அதற்கு மேலால் அம்மாவின் குரல் கேட்டது.

"குடுத்தாள்! பாத்தனீங்களோ, குடுத்தாள்!"

தோடம்பழக் கோதுகளை நெஞ்சில் அணைத்தபடி அவர் துள்ளிக்கொண்டிருந்தார். எதிரணியின் ஆட்கள் கிண்ணத்தை வாங்கப் போனார்கள். அம்மா அவர்களையே பிடித்துச் சொன்னார்: "என்ர மகள், பாத்தனீங்களோ? எறிஞ்சிருக்கலாம். குடுத்தாள்."

சிவநேசம் அன்ரி அக்காவின் முதுகில் ஒன்று போட்டார். "அடுத்த வருசமும் வருவீரோ?"

"அடுத்த வருசம் எனக்கு ஒப்பந்தம் இருக்கும், அன்ரி. விடமாட்டினம்" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் தான் சொன்னதை அவளே கேட்டதுபோல நின்றாள்.

காரில் இமெல்டா அன்ரியும் எங்களோடு வந்தார். பாலம் தாண்டும்வரை ஞானேந்திரன் அங்கிளின் விசிலைப் பற்றித்தான் கதை. அவர் ஒரு வினாடி முந்தி ஊதிவிட்டாராம், அந்தச் சத்தத்தில்தான் பந்து வெளியே விழுந்ததாம். மிஞ்சிய றோல்ஸ் பெட்டி என் மடியில் இருந்தது. அம்மா ஒன்றை எடுத்து, ஓட்டிக்கொண்டிருந்த அக்காவின் வாயில் வைத்தார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அக்கா தொலைபேசியை எடுத்தாள். மாட்ரிட்டில் அப்போது நடுச்சாமம் ஆகியிருக்கும். அதனால் குரல் தகவல் ஒன்றை விட்டாள். ஆங்கிலத்தில், வாயில் இன்னும் றோல்ஸோடு, "ஓம் என்று சொல்லிவிடு. பந்து அந்தப் பெண்ணின் கையிலேயே இருக்கட்டும்" என்றாள்.

"என்னவாம்?" என்றார் அம்மா பின்னிருந்து.

"போலந்துக்குப் போறன், அம்மா. இந்த முறை வேற மாதிரி. நான் தட்டுறதில்லை. ஓடி இடம் பிடிக்கிறது, வந்தால் எறியிறது, இல்லாட்டிக் குடுக்கிறது."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது நெற்போல்தானே?"

"கிட்டத்தட்ட."

"எங்களிட்ட இருந்துதான் எடுத்திருப்பாங்கள்" என்றார் இமெல்டா அன்ரி.

"குளிரோ அங்க?" என்றார் அம்மா.

"இஞ்சத்தை மாதிரித்தான்."

"அப்ப போ. கம்பளிக் காலுறையைப் போனமுறை மாதிரி விட்டிட்டுப் போகாதை."

அடுத்த நாள் பூசை முடிந்து வந்ததும் நாங்கள் பூங்காவுக்குப் போனோம். அக்கா என்னைத் தளத்தின் நடுவில் நிற்க வைத்தாள். நான் வளையத்தின் கீழே நின்று பழகியவள், நடுவில் நிற்பது கூச்சமாக இருந்தது.

"நீதான் அந்த இருபத்தொரு வயசுப் பெட்டை" என்றாள். "பந்து உன்னட்ட. நான் ஓடுறன். தோளைப் பாத்து எறியாதை, தோளை மாத்தப் போறன். இடத்தைப் பாத்து எறி."

அவள் ஓடினாள், நான் எறிந்தேன். சில பந்துகள் வேலிக்குப் போயின, சில அவள் கைக்குப் போயின. பிடித்ததும் எறிந்தாள், பிடித்ததும் எறிந்தாள். ஒரு தடவை பிடித்த பிறகு பழக்கதோஷத்தில் கை கீழே போனது. டொக்.

"தட்டினது!" என்றேன் நான்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நாயோடு நடந்துபோன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். அக்கா பந்தைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் ஞானேந்திரன் அங்கிளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கையை நீட்டினேன். அவள் பந்தை எடுத்து வந்து ஒழுங்காக என்னிடம் தந்துவிட்டு, மறுபடி ஓடினாள்.